படமும் கொளுவும்

கெடா மாநிலத்தில் மெர்போக், செமிலிங், பீடோங், சுங்கைப் பட்டாணி ஆகிய ஊர்களைச் சூழ்ந்திருந்த தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறையாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் இன்று பல திக்கிலும் பரவியுள்ளன. பால்மரம் நின்ற நிலங்கள் பலவற்றில் செம்பனையும் வீடமைப்பும் தொழிற்சாலையும் வந்துவிட்டன. லயங்கள் பலவற்றின் சுவடும் இல்லை. அவ்வாழ்க்கைக்குச் சான்றாகக் குடும்பங்களின் கையில் எஞ்சியிருப்பவை பெட்டிக்குள் கிடக்கும் பழைய புகைப்படங்களே எனலாம். அண்மைக் காலத்தில் அப்படங்களும் பெட்டியை விட்டு வெளியேறி, முகநூலிலும் புலனக் குழுக்களிலும் ஊரார் அனைவரும் காணுமாறு வைக்கப்படுகின்றன.

இவ்வழக்கத்தைப் போற்றுவோரும் உளர், வெறுப்போரும் உளர். மறைந்துபோன வாழ்வை மீட்டுத் தருகிறது என்பர் முன்னவர். வீட்டு மானத்தைத் தெருவில் வைப்பதாகும் என்பர் பின்னவர். இரு சாராரும் படத்தைக் கண்ணால் காணும் பொருளாக மட்டுமே கருதிப் பேசுகின்றனர். படத்தையும் ஒரு பனுவலாகக் கொண்டு, ஓர் ஏட்டை ஆராய்வதுபோல ஆராய்ந்தால், வழக்கு வேறு வகையாகத் தெளிவு பெறும். அதற்கு வேண்டிய அளவுகோலை அயல்நாட்டிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. சங்க நூல்களைத் தொகுத்த சான்றோர் அதனைத் தமிழாசிரியர் கையில் முன்னரே கொடுத்துள்ளனர். அகம், புறம் என்ற பாகுபாடும், பாட்டின் அடியில் நிற்கும் கொளுவும் அவ்வளவுகோலாகும்.

வீட்டில் இருந்த ஏடு

தோட்டக் குடும்பத்தில் படம் என்பது எளிதில் கிடைத்த பொருளன்று. திருமணம், முதற்குழந்தை, தீமிதி விழா, பள்ளி ஆண்டிறுதி ஆகிய சில வேளைகளிலேயே அது எடுக்கப்பட்டது. பட்டணத்துப் படநிலையத்துக்குச் செல்வோர் இருந்த உடையில் நல்லதை உடுத்திச் சென்றனர். வரைந்த திரைச்சீலை, பூச்சாடி வைத்த முக்காலி, கைக்கடிகாரம் தெரியுமாறு முன்னே வைத்த கை, அமர்ந்த கணவன், அருகில் நின்ற மனைவி ஆகியவை அக்காலத்துப் படநிலையங்களின் மரபு. கவிதைக்கு யாப்பு இருந்தாற்போலப் படத்துக்கும் இவை யாப்பாக அமைந்தன. நாகப்பட்டினத்தையும் சென்னையையும் பினாங்கோடு இணைத்து 'ராஜூலா' முதலிய கப்பல்கள் ஓடிய காலத்தில் அப்படத்தின் ஒரு படி கடல் கடந்து ஊருக்குச் செல்லும். கங்காணிக்கோ கிராணிக்கோ தெரியாத செய்தியை அது தாய்வீட்டுக்குச் சொல்லும். இங்கே உயிரோடு இருக்கிறோம், மெலியவில்லை, பிள்ளை பிறந்திருக்கிறது என்பதே அச்செய்தி.

1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின் 12 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் அடையாள அட்டை பெறவேண்டும் என்று அரசு விதித்தது. படமும் கைவிரற் பதிவும் உடைய அவ்வட்டைக்காகத் தோட்டத் தொழிலாளரும் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டனர். படநிலையத்துக்குச் செல்லப் பொருள் இல்லாத பலர்க்கு அட்டைப்படம் ஒன்றே நின்றது. அவர் இறந்தபின் அதையே பெரிதாக்கி மாலையிட்டு மாட்டிய வீடுகளும் உண்டு. காவலர்க்காக எடுத்த படம் வழிபாட்டுக்குரிய படமாக மாறியது. இம்மாற்றத்தைப் படம் தானாகச் சொல்லாது, அறிந்தவர் சொல்லவேண்டும்.

அவ்வாறு சொல்வோர் வீட்டிலேயே இருந்தனர். ஆயாவோ பெரியம்மாவோ படத் தொகுப்பை மடியில் வைத்துக்கொண்டு, இவர் இன்னார், இது எந்தத் தோட்டம், இக்குழந்தை பின்னர் என்னவாயிற்று என்று பேரப்பிள்ளைகட்குச் சொல்லுவார். சொல்லவேண்டியதைச் சொல்லுவார், மறைக்கவேண்டிய இடத்தில் தாளைத் திருப்பிவிடுவார். ஏடும் உரையும் பிரியாமல் ஓரிடத்தில் இருந்தன. உரையாசிரியர் இல்லாத நேரத்தில் படத்தின் பின்புறம் உதவிற்று. எழுதுகோலால் குறித்த பெயரும் நாளும், சில வேளை இரண்டு வரி நலம் விசாரிப்பும் அங்கே இருந்தன.

திரையில் தோன்றும் படத்துக்குப் பின்புறம் இல்லை. இன்றைய வழக்கத்தின் குறை அனைத்துக்கும் மூலம் இதுவே. முன்பக்கத்தை மட்டும் கைப்பேசியால் படியெடுத்து அனுப்புகின்றனர். அனுப்பியவர் எழுதிய இரண்டு வரியும் படத்தோடு ஒட்டியதன்று. ஒரு குழுவிலிருந்து மறு குழுவுக்குச் செல்லும்போது படம் செல்லும், வரி நின்றுவிடும். மூன்றாம் கைக்குப் போகும்போது அது யாரோ ஒரு தம்பதியின் படம். ஐந்தாம் கையில் 'அந்தக் காலத் தமிழர்' ஆகிவிடுகிறது.

பிறர் எழுதிய பெயர்

'அந்தக் காலத் தமிழர்' என்ற தலைப்பு தீங்கற்றதாகத் தோன்றலாம். அதன் முன்னோடிகளை நோக்கினால் அவ்வாறு எண்ண இயலாது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்ற ஆங்கிலப் படநூலில் ஒவ்வொரு படத்துக்கும் எழுத்துக் குறிப்பு உண்டு. அக்குறிப்புகளுள் பெரும்பாலானவை படத்திலுள்ள ஆளைப் பற்றியவை அல்ல. அவருடைய சாதி, குடி, தொழில், இயல்பு என்று ஆட்சியாளர் எண்ணியவற்றைப் பற்றியவை. 1867இல் சிங்கப்பூரில் தொடங்கிய லாம்பர்ட் படநிலையம் மலாய் நாட்டின் காட்சிகளையும் பல இனத்தாரின் உருவங்களையும் எடுத்து விற்றது. அக்காலப் படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் தமிழர் 'கிளிங்' என்றும் 'கூலி' என்றும் குறிக்கப்பட்டனர்.

இரப்பர்த் தோட்டப் படங்களில் பெரும்பாலும் ஆள் மரத்தருகே நிற்பார். படத்தின் பொருள் மரமே. ஆள் அதன் பருமனைக் காட்டும் அளவுகோல். அப்படத்தில் நின்றவர்க்கும் ஒரு பெயர் இருந்தது. பிரட்டுக் களத்தில் நாள்தோறும் அப்பெயரைக் கூப்பிட்டிருப்பர். கூலிக் கணக்கில் எழுதியிருப்பர். படத்தில் மட்டும் அதற்கு இடம் இல்லை.

ஆகவே, படத்துக்கு எழுத்து வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதாது. எழுத்து யாருடையது, ஆளைச் சொல்கிறதா இனத்தைச் சொல்கிறதா என்பதும் வினாவாகும். தோட்டக் குடும்பங்கள் தம் பொருளைச் செலவிட்டுப் படநிலையத்தில் எடுத்துக்கொண்ட படமே, கிளிங் என்றும் கூலி என்றும் எழுதிய அட்டைக்கு அவர்கள் கொடுத்த மறுமொழி. அப்படத்தைப் பெயர் நீக்கிப் பொதுவில் உலவவிட்டு, 'பழைய தோட்டத் தொழிலாளர்' என்று தலைப்பிடுவோர், லாம்பர்ட் கம்பெனி செய்ததையே அன்போடு செய்கின்றனர். அன்பு மட்டுமே புதிது.

கொளு செய்யும் பணி

புறநானூற்றில் பாட்டின் அடியில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர், பாடிய சூழல் ஆகியவற்றைத் தரும் குறிப்பைக் கொளு என்றும் அடிக்குறிப்பு என்றும் வழங்குவர். மாணவர் இதனை மனப்பாடத்துக்குரிய சுமையாகக் கருதுவர். அதன் அருமையை உணர 112ஆம் பாட்டு ஒன்றே போதும். ஐந்தே அடி. சென்ற நிலவு நாளில் தந்தையும் இருந்தார், குன்றும் தம்மிடம் இருந்தது. இந்நிலவு நாளில் பகை வேந்தர் குன்றைக் கொண்டனர், தந்தையும் இல்லை என்பது பொருள். பாட்டினுள் பாரி என்ற பெயர் இல்லை. பறம்பு என்ற பெயரும் இல்லை. பாரி மகளிர் பாடியது என்ற கொளுவை நீக்கிவிட்டால், எவரோ இருவர் எங்கேயோ அழுத அழுகையாகவே அது நிற்கும். கொளு இருப்பதனால் பறம்பு மலையும், மூவேந்தர் முற்றுகையும், கபிலரின் நட்பும் அவ்வைந்து அடிக்குள் வந்து சேர்கின்றன.

கொளு தொலைந்த இடத்தில் நேர்வதும் தெரிந்ததே. குறுந்தொகையில் சில புலவர்க்கு அவர்தம் பாட்டில் வரும் தொடரையே பெயராக இட்டனர். செம்புலப்பெயனீரார், அணிலாடுமுன்றிலார் என்பன அத்தகையன. அழகிய பெயர்களே. ஆயினும் தாய் தந்தையர் இட்ட பெயர்கள் அல்ல. 'சிவப்புச் சேலை அக்காள்', 'மிதிவண்டித் தாத்தா' என்று இன்று முகமறியாப் படங்கட்கு இடும் பெயர்களும் அவ்வினத்தவை.

கொளுவைக் குறையற்றது என்றும் சொல்லிவிட முடியாது. பாரி மகளிரின் பெயரை அது தரவில்லை. அங்கவை, சங்கவை என்பன பிற்கால வழக்கில் வந்தவை. தந்தை பெயரால் மட்டும் மகளிரைச் சுட்டிய அக்குறை ஈராயிரம் ஆண்டுக்குப் பின்னும் தீரவில்லை. தோட்டக் குடும்பப் படங்களின் பின்புறத்தில் ஆடவர் பெயர் இருக்கும். அருகில் நிற்பவர் 'மனைவி' என்றோ 'சம்சாரம்' என்றோ இருக்கும். விடியுமுன் எழுந்து நெற்றிவிளக்கோடு மரம் வெட்டப் போன பெண், பிள்ளையை ஆயக்கொட்டகையில் விட்டு உழைத்த பெண், தன் படத்திலேயே பெயரின்றி நிற்கிறாள். இன்று கொளு எழுதுவோர் முதலில் நிரப்பவேண்டிய இடம் இதுவாகும்.

கல்வெட்டுத் துறையும் இதே உண்மையைக் காட்டுகிறது. 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கண்டெடுத்த நடுகற்களில் உருவம் இல்லை. தமிழி எழுத்து மட்டும் உண்டு. அவற்றுள் ஒன்று ஊரின் பெயரையும், ஆகோள் என்ற நிகழ்ச்சியையும், மாண்டவன் பெயரையும் சில சொற்களில் சொல்கிறது. ஈராயிரம் ஆண்டுக்கு மேலாகியும் அவன் அறியப்படுகிறான். தருமபுரி, செங்கம் பகுதிகளிலோ உருவம் செதுக்கிய நடுகற்கள் பல வேடியப்பன் என்ற பொதுப்பெயரால் வழிபடப்படுகின்றன. வழிபடுவோர்க்கு அக்கல்லுக்குரிய வீரன் யார் என்பது தெரியாது. உருவம் மட்டும் போதுமானால் மறதி வந்திராது.

ஊர் கூடி எழுதும் உரை

இதுவரை சொன்னவற்றால் படங்களைப் பொதுவில் வைத்தல் தவறு என்று முடிவு கட்டுவது பொருந்தாது. தனி வீட்டில் தொலைந்த கொளுவை ஊர் மீட்டுத் தரும் என்பதே பகிர்தலின் தலையாய பயன். ஒரு பள்ளிக் குழுப்படத்தில் 40 பிள்ளைகள் நிற்கின்றனர் எனக் கொள்வோம். படத்தை வைத்திருக்கும் வீட்டார்க்கு இருவரைத் தெரியும். பொதுவில் வைத்தபின் பினாங்கிலிருந்து ஒருவர் மூவரை அடையாளம் காட்டுவார். கிள்ளானிலிருந்து ஒருவர் ஆசிரியர் பெயரைச் சொல்லுவார். தமிழகத்துக்குத் திரும்பிச் சென்ற குடும்பத்தார் ஆண்டைத் திருத்துவர்.

உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிய வரலாறு இதற்கு ஒப்பாகும். 1887இல் சீவகசிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அவர் பதிப்பித்தபோது ஓர் ஏட்டை நம்பி நின்றாரல்லர். பல ஊர் ஏடுகளைத் தேடி ஒப்பிட்டார். ஏடு உதவியவர்களை முகவுரையில் குறித்தார். வேறுபட்ட பாடங்களை மறைக்காமல் காட்டினார். படங்களைப் பகிர்வோர்க்கு இதைவிட நல்ல இலக்கணம் இல்லை. படம் யார் வீட்டிலிருந்து வந்தது, பெயரைச் சொன்னவர் யார், நேரில் அறிந்து சொன்னாரா பிறர் சொல்லக் கேட்டாரா என்பவற்றைக் குறிக்கவேண்டும். இருவர் இரு பெயர் சொன்னால் பாடபேதமாக இரண்டையும் எழுதவேண்டும். தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று எழுதுவதே அறிவுடைமை.

இன்றைய குழுக்களில் நடப்பது பெரும்பாலும் இதுவன்று. படம் வந்தவுடன் 'அருமை', 'பொற்காலம்', 'கண் கலங்குகிறது' என்ற மொழிகள் குவிகின்றன. கூலி உயர்வுக்குப் போராடிய காலத்தையும், சிவப்பு அடையாள அட்டையோடு வேலை அனுமதிக்கு அலைந்த காலத்தையும் பொற்காலம் என்று சொல்லும்போது, படத்தில் நிற்பவரின் துன்பம் கண்டோரின் இனிய ஏக்கத்துக்குள் கரைந்துவிடுகிறது. வியப்புரை எத்தனை சேர்ந்தாலும் உரை ஆகாது. 'மூன்றாவதாக நிற்பவர் எங்கள் சித்தப்பா, பெயர் இன்னது' என்று ஒருவர் எழுதும் ஒற்றை வரி, நூறு வியப்புரைக்கு மேலானது. அவ்வரியோ குவியலின் அடியில் புதைந்துவிடுகிறது. எவரும் எடுத்துப் படத்தோடு சேர்ப்பதில்லை.

மூன்று தொகுப்புகள்

குடும்பப் படங்களைத் திட்டமிட்டுத் தொகுத்த முயற்சிகள் சில உள்ளன. மும்பையில் அனுஷா யாதவ் 2010இல் தொடங்கிய 'இந்திய நினைவுத் திட்டம்' அவற்றுள் ஒன்று. அங்கே படத்தை மட்டும் கொடுத்தால் போதாது. கொடுப்பவர் அதன் வரலாற்றையும் தம் சொற்களில் சொல்லவேண்டும். கொடுத்தவர் பெயரும் ஊரும் படத்தோடு நிற்கும். ஒரு திருமணப் படம் நாட்டுப் பிரிவினையையும், ஒரு கல்லூரிப் படம் பெண்கல்வி வரலாற்றையும் இவ்வாறு திறந்து காட்டுகின்றன. கொளுவின் தன்மையை நன்குணர்ந்த தொகுப்பு இது. ஆயினும் அதன் மொழி பெரும்பாலும் ஆங்கிலம். படம் எடுக்கவும் அதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதவும் வல்ல குடும்பங்களே அதில் மிகுதியாகப் பேசுகின்றன. ஆயா சொன்ன சொல் ஆங்கிலத்தில் அமரும்போது லயமும் பிரட்டும் எங்கே போகும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் 2011இல் தொடங்கிய 'சிங்கப்பூர் நினைவுத் திட்டம்' 2015க்குள் 50 இலட்சம் நினைவுகளைத் திரட்டுவதை இலக்காக வைத்தது. மக்கள் அனைவரின் நினைவுக்கும் அரசு மதிப்பளித்தது பாராட்டுக்குரியது. எண்ணிக்கையை இலக்காக்கியதில் ஓர் இடர் உண்டு. ஒரு வரி நினைவும், ஒரு வாழ்நாளைச் சொல்லும் படமும் எண்ணிக்கையில் ஒன்றே ஆகிவிடுகின்றன.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிசு நூலகத்தின் அழியும் ஆவணத் திட்டத்தின் துணையோடு, தமிழகத்துப் பழைய படநிலையங்களின் படங்களைப் படியெடுத்தது. மூலப் படங்கள் நாட்டை விட்டு வெளியேறலாகாது என்பது அந்நூலகத் திட்டத்தின் கொள்கை. படியெடுப்பின் தரமும் உயர்ந்தது. கறையான் தின்னவிருந்த செல்வத்தைக் காத்த அரிய பணி. ஆயினும் படநிலையத்தார் வைத்திருந்த படங்களில் அமர்ந்திருப்பவர் யார் என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. படம் எடுத்தவர் முகத்தைப் பார்த்தார். பெயர் வாடிக்கையாளரோடு வீடு சென்றுவிட்டது. முதல் தொகுப்பில் சொல் உண்டு, ஏழையின் மொழி குறைவு. இறுதித் தொகுப்பில் பல வகை மக்களின் முகம் உண்டு, சொல் இல்லை. தோட்டத்து மக்களின் படங்கட்கு இரண்டும் சேரவேண்டும், தமிழிலேயே சேரவேண்டும்.

அகம் எது, புறம் எது

பெயர் வேண்டும் என்று இத்துணை வற்புறுத்தியபின், பெயர் கூடாத இடமும் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் பாதி உண்மையே சொன்னதாகும். அன்பின் ஐந்திணையில் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய நெறி. புறத்திலோ பெயர் சுட்டல் மரபு. வீட்டுப் படம் பொதுவுக்கு வரும்போது அகத்திலிருந்து புறத்துக்கு வருகிறது. ஆகவே படத்தை வெளியிடுமுன் கேட்கவேண்டிய முதல் வினா, இஃது அகமா புறமா என்பதே.

எல்லை எவ்வளவு மெல்லியது என்பதற்கு நெடுநல்வாடை சான்று. கணவனைப் பிரிந்த அரசியின் துயரத்தைச் சொல்லும் அப்பாட்டு அகமாகவே நடக்கிறது. பாசறையில் வேலின் தலையில் கட்டிய வேப்பந்தழை ஒன்று வருகிறது. வேம்பு பாண்டியர் அடையாளம். அவ்வொரு குறிப்பால் தலைவன் இன்னான் என்பது தெரிந்துவிடுதலால் பாட்டு அகமாகாது என்று நச்சினார்க்கினியர் முடிவு செய்தார். இலக்கணச் சிறு வழக்காகத் தோன்றும் இச்செய்தி இன்றைய கைப்பேசிப் படங்கட்கு அப்படியே பொருந்தும். பள்ளிச் சீருடையிலுள்ள சின்னம், வீட்டு வாயில் எண், வண்டிப் பலகை, மூலையில் தெரியும் அடையாள அட்டையின் எண் ஆகியவை வேப்பந்தழைகளே. பெயரை மறைத்து வெளியிட்டோம் என்று ஆறுதல் அடைவோர் தழையை மறைக்க மறந்துவிடுகின்றனர்.

நோயில் கிடந்த தாயின் படம், முறிந்துபோன மணத்தின் படம், பின்னர் வேறு வாழ்வு அமைத்துக்கொண்ட பெண்ணின் பழைய படம், குளிக்கும் குழந்தையின் படம் ஆகியவை அகத்தைச் சேர்ந்தவை. குழந்தை வளர்ந்து பெரியவனானபின் தன் படம் எங்கெங்கே உள்ளதென்று தேடித் திரும்பப் பெற வழியில்லை. மலேசியாவில் 2010இல் இயற்றி 2013இல் நடைமுறைக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வாணிகத் தொடர்புகளுக்கே உரியது. உறவினர் ஒருவர் குடும்பக் குழுவில் போட்டுவிடும் படத்தை அது தடுக்க வராது. அவ்விடத்தில் காவலாக நிற்கவேண்டியது பண்பாடு. ஆயா தாளைத் திருப்பிய கை அப்பண்பாட்டின் வடிவமே.

அகப்படம் அனைத்தையும் பூட்டி வைத்தால்தான் பண்பாடு காக்கப்படும் என்பதும் இல்லை. அகப்பாட்டுக்கும் கொளு உண்டு. 'தலைவி கூற்று', 'பிரிவிடை ஆற்றாது தோழிக்கு உரைத்தது' என்பதுபோல அது சூழலைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. துன்பத்தையும் வறுமையையும் காட்டும் படங்கட்கு இவ்வகைக் கொளுவே தகும். உரியவரின் இசைவு பெற்று, 'பிள்ளையைப் பறிகொடுத்த தாய், கெடாத் தோட்டம் ஒன்றில், 1950களில்' என்று எழுதினால் வரலாறும் நிற்கும். அவ்வீட்டார் தலைகுனியவும் நேராது.

பெயரற்றோர்

இவற்றையெல்லாம் ஆராய்ந்து கொண்டிருக்கக் காலம் இடந்தருமா என்பது தனி வினா. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் சயாம்–பர்மா இரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழரைப் பெருந்தொகையாகக் கொண்டு சென்றனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் பல்லாயிரவர் மாண்டனர். காஞ்சனபுரியில் நேசப்படைப் போர்க்கைதிகளுக்குரிய கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேர் அடக்கம் பெற்றுள்ளனர். அங்கே வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த பலகைகள் உள்ளன. தமிழ்த் தொழிலாளர்க்கு அவ்வாறு ஆளுக்கொரு பெயர்ப்பலகை இல்லை. 2023இல் அந்நகரில் தமிழர்க்கென ஒரு நடுகல் எழுப்பப்பட்டது. அது மாண்டோர் அனைவர்க்கும் பொதுவான கல்.

தனித்தனிக் கல் எங்கும் இல்லாத நிலையில், சயாமுக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் போருக்கு முந்திய படம் எந்த வீட்டிலேனும் இருக்குமானால், அவர்க்குரிய நடுகல் அதுவே. அதில் பெயரும் தோட்டமும் போன ஆண்டும் எழுதப்படவேண்டும். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் காணாமற்போன மக்களின் படங்களை ஏந்தித் தாய்மார் 2017 முதல் சாலையோரத்தில் அமர்ந்தனர். அவர்கள் கையிலிருந்தவையும் குடும்பப் படங்களே. முகத்தோடு பெயரையும், காணாமற்போன நாளையும் சேர்த்தே அவர்கள் காட்டினர். கொளு இல்லாத படம் கேள்வி கேட்காது என்பதை அத்தாய்மார்க்கு எவரும் கற்பிக்கவில்லை.

1948இல் 12 வயதில் அட்டைக்காகப் படம் எடுத்துக்கொண்டவர் இன்று 90 அகவையை ஒட்டியவர். போருக்கு முந்திய முகங்களை நேரில் அறிந்தவர் அவர் தலைமுறையோடு முடிகின்றனர். படத்தை இன்னும் நூறாண்டு கழித்தும் படியெடுக்கலாம். பெயரைக் கேட்டெழுதும் வாய்ப்பு அவ்வளவு காலம் காத்திராது.

ஆசிரியர் செய்யத்தக்கது

இப்பணிக்குத் தமிழாசிரியரைவிடத் தகுந்தவர் இல்லை. கட்டுரைப் பயிற்சிக்குப் பொருள் தேடி அலையவேண்டியதில்லை. ஒவ்வொரு மாணவரும் வீட்டிலுள்ள ஒரு பழைய படத்துக்குக் கொளு எழுதி வரட்டும். இடமிருந்து வலமாக நிற்போர் பெயர், பெண்டிரின் சொந்தப் பெயர், தோட்டத்தின் ஆங்கிலப் பெயரோடு தொழிலாளர் வழங்கிய பெயர், ஆண்டு, எடுத்த காரணம், சொன்னவர் யார் என்ற ஆறும் அதில் இருந்தால் போதும். பின்புறத்தில் எழுதுவதாயின் மென்மையான பென்சிலால் எழுதுதல் நன்று. மை முன்பக்கத்தில் ஊறிவிடும். படியெடுக்கும்போது இருபக்கத்தையும் எடுக்கவேண்டும். பொதுவில் வைக்கும் படத்தின் கீழ் ஒரு வெள்ளை விளிம்பு சேர்த்து, அதற்குள்ளேயே கொளுவை எழுதிவிட்டால் எந்தக் குழுவுக்குச் சென்றாலும் இரண்டும் பிரியா. வெளியிடுமுன் வீட்டிலுள்ள மூத்தவரைக் கேட்டு, அகப்படங்களை ஒதுக்கிவிடும் பழக்கத்தையும் மாணவர் அப்போதே பெறுவர்.

மெர்போக்கில் இருப்போர்க்கு இதன் பொருளைச் சொல்லி விளக்கவேண்டியதில்லை. இங்குள்ள புஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருட் காட்சியகத்தில் ஓர் ஓட்டுத் துண்டுக்கும் அது கிடைத்த இடத்தின் பெயர் வேண்டும். இடம் தெரியாத துண்டு வெறும் ஓடு. 2013இல் இப்பள்ளத்தாக்கில் ஒரு பழைய கோயில் அடித்தளம் வீடமைப்பு வேலைக்காக இடிக்கப்பட்ட செய்தி வெளிவந்து நாடு முழுவதும் வருத்தமுற்றது. அறிஞர் முன்பே ஆராய்ந்து 11 என்ற எண்ணிட்டுப் பதிவு செய்திருந்த சண்டி அது. எண்ணும் இடமும் எழுதி வைத்திருந்தமையால் இழந்தது இன்னது என்று சொல்ல முடிந்தது. எழுதி வைக்காமல் போனவை எத்தனை என்பதை எண்ணுவதற்கும் வழியில்லை. தோட்டத்துப் பெட்டிகளில் உள்ள படங்கள் இப்போது அந்த இரண்டு நிலைக்கும் இடையே நிற்கின்றன.